டோல்கேட்டுக்கு அந்தப் பக்கம்: கஜுலு லட்சுமிநரசு செட்டி

திருவொற்றியூர்ல மெட்ரோ ஏறி வேலைக்குப் போறவங்களுக்கு டோல்கேட் ஸ்டேஷன் நல்லாத் தெரியும். அதுக்கு அந்தப் பக்கம் பட்டணம், இந்தப் பக்கம் நாங்க. எங்க ஊர் சென்னை மாநகராட்சியில சேர்ந்ததே 2011லதான். இந்த எல்லையை மனசுல வச்சுக்குங்க. பட்டணத்துக்குள்ள வசதியா இருந்த ஒரு வியாபாரி, வெளியே கிராமங்கள்ல நடந்த கொடுமைக்காக ஏன் தன் காசைக் கரைச்சார்? இன்னைக்கு எபிசோட் அதைப் பத்திதான்.

அவர் பேரு கஜுலு லட்சுமிநரசு செட்டி. 1806ல பிறந்தவர். அப்பா சித்துலு செட்டிக்கு அவுரி வியாபாரம். அவுரின்னா நீலச்சாயம் எடுக்கிற செடி. இப்போ நீங்க போட்டிருக்கிற ஜீன்ஸோட பூர்வீகம் அதுதான். மகன் அதே தொழில்ல இறங்கி நல்லா சம்பாதிச்சார். அதோட நிறுத்தியிருந்தா நான் இங்க பேசவே வேண்டியதில்லை.

1844ல 'கிரசன்ட்'னு ஒரு ஆங்கிலப் பத்திரிகை ஆரம்பிச்சார். ஆசிரியர் எட்வர்ட் ஹார்லி, ஒரு ஆங்கிலேயர். அப்போ கவர்னர் ட்வீடேல் மிஷனரிகளுக்கு ரொம்ப நெருக்கம். அரசுப் பள்ளிகள்ல பைபிளைப் பாடமா வைக்கப் பார்த்தார். கிரசன்ட் எதிர்த்தது. அந்தப் பத்திரிகையோட விளம்பரத்தை கோட்டை கெஜட்ல போடக்கூட அரசாங்கம் மறுத்தது.

இங்க ஒரு விஷயத்தை மறைக்கக் கூடாது. மதம் மாறினவங்களுக்கும் குடும்பச் சொத்துல பங்கு உண்டுன்னு ஒரு சட்டம் வந்தப்போ, இவரும் இவரோட கூட்டாளிகளும் அதை எதிர்த்து மனு போட்டாங்க. 1850ல சட்டம் நிறைவேறிடுச்சு. எனக்கு அது நியாயமான சட்டமாத்தான் படுது. இந்த விஷயத்துல செட்டி நின்ன பக்கம் தப்பு.

ஆனா 1852ல அவர் ஆரம்பிச்ச சென்னை சுதேசிகள் சங்கம் வேற ரகம். அடுத்த வருஷம் கம்பெனியோட சாசனத்தைப் புதுப்பிக்கணும். சரியா அந்த நேரம் பார்த்து, வரிச்சுமை, இழுத்தடிக்கிற கோர்ட், ரோடு இல்லாத கிராமம்னு எல்லாத்தையும் எழுதி லண்டன் பார்லிமென்டுக்கு மனு அனுப்பினாங்க. 1853ல டான்பி சீமோர்ங்கிற எம்.பி. நேர்லயே வந்தார். செட்டி அவரை வெளி மாவட்டங்களுக்குக் கூட்டிட்டுப் போனார்.

அங்க என்ன நடந்துச்சு? ரயத்துவாரி முறையில விவசாயி நேரடியா சர்க்காருக்கு வரி கட்டணும். மழை பெய்யுதோ இல்லையோ, தவணை தவணைதான். கட்ட முடியலைன்னா கிட்டி போடுவாங்க. ரெண்டு கட்டை, நடுவுல விரல்களை வச்சு அழுத்துறது. அண்ணாந்தாள்னு இன்னொண்ணு: கழுத்தையும் கால் விரலையும் கயித்தால இழுத்துக் கட்டி, குனிஞ்சபடியே வெயில்ல நிறுத்துறது. சில சமயம் முதுகுல கல்லும் ஏறும். யார்கிட்ட போய்ப் புகார் சொல்றது? வரி வாங்குற தாசில்தார்தான் ஊர் போலீசுக்கும் தலைவர்.

செட்டிக்கு இந்த வரி கிடையாது, கிட்டியும் கிடையாது. ஆனா அவுரி வாங்கி விற்கிறவருக்கு, அதை விளைவிக்கிறவங்க கதை காதுல விழாமலா இருந்திருக்கும்? இது என்னோட ஊகம்தான்.

1854 ஜூலைல இந்த விஷயம் காமன்ஸ் சபைக்குப் போச்சு. மறுக்க முடியாம சென்னையில விசாரணைக் கமிஷன் வச்சாங்க: எலியட், ஸ்டோக்ஸ், வழக்கறிஞர் ஜான் புரூஸ் நார்ட்டன். 1855ல ரிப்போர்ட் வந்தது. ஆமா, சித்திரவதை நடக்குது, வரி வசூலுக்காகவே நடக்குதுன்னு ஒத்துக்கிட்டாங்க. ஆனா பழி முழுக்க நம்ம ஊர் சின்ன உத்தியோகஸ்தர்கள் தலையில. வெள்ளைக்கார அதிகாரிகளுக்கு இதுல சம்பந்தம் இல்லையாம்! எங்க ஃபீல்டுல சர்வர் விழுந்தா ஒரு போஸ்ட்மார்ட்டம் எழுதுவோம். கமாண்ட் தட்டின ஜூனியர் பேரை மட்டும் போட்டு, அவனை அவசரப்படுத்தின டெட்லைனை விட்டுட்டா எப்படி இருக்கும்? அதே ரகம்தான். வரித் தொகையையும் தவணையையும் அந்த தாசில்தாரா முடிவு பண்ணார்?

இருந்தாலும் ரிப்போர்ட் வீணாப் போகலை. 1859ல தனி போலீஸ் சட்டம் வந்து, வரி வசூலும் போலீசும் பிரிஞ்சது. அதுக்கு முன்னாடியே, 1857 செப்டம்பர்ல, நியூயார்க் டெய்லி ட்ரிப்யூன்ல கார்ல் மார்க்ஸ் இந்த ரிப்போர்ட்டை வச்சு ஒரு கட்டுரை எழுதினார். சிப்பாய்கள் செய்த கொடுமையைப் பத்தி லண்டன் கொதிச்சிட்டிருந்த நேரம் அது. உங்க ஆட்சியில நடந்ததையும் கொஞ்சம் பாருங்கன்னு அமெரிக்கப் பேப்பர்ல ஒரு கேள்வி. அதுக்கு ஆதாரம், நம்ம விவசாயிகளோட வாக்குமூலம்.

அப்புறம் அரசாங்கமும் செட்டியை அணைச்சுக்கிச்சு. சி.எஸ்.ஐ. பட்டம், 1863ல சென்னை சட்டசபை நியமனம். பத்திரிகைக்கு விளம்பரம் தர மாட்டேன்னு சொன்ன அதே அரசாங்கம்.

ஆனா பட்டம் கடனை அடைக்காது. வியாபாரத்துல சேர்த்தது பத்திரிகையிலயும் சங்கத்துலயும் கரைஞ்சு போச்சு. 1868ல அவர் இறந்தப்போ கையில கிட்டத்தட்ட ஒண்ணும் இல்லை.