காதில் ஏறிய ஆங்கிலம்

கிருஷ்ணகிரி மாவட்டத்துக் கல்லாவி வட்டாரத்தில் ஆங்கிலத்தைப் பரப்பியது பள்ளிக்கூடம் மட்டுமல்ல, பிழைப்பும்தான். 1792இல் திப்பு சுல்தானிடமிருந்து இவ்வட்டாரம் அடங்கிய பாராமகால் கிழக்கிந்தியக் கும்பினியின் கைக்கு வந்து, அதன் அதிகாரிகளான ரீடும் மன்றோவும் நிலமளந்தபோது, மொழி கற்கும் கட்டாயம் துரைமாருக்கே இருந்தது. 1862இல் இவ்வழியே செல்லும் சென்னை–பேப்பூர் ரயில்பாதை முழுமையானபின் நிலைமை மாறியது. டிக்கெட், சிக்னல், கூட்ஸ் எல்லாம் எழுத்தறியாதவர் வாயிலும் புழங்கின. 1971இல் மாநில அரசின் தொழில் வளர்ச்சி நிறுவனமான சிப்காட் அமைந்து, ஓசூரில் ஆலைகள் பெருகியதும் ஷிப்ட், ஓவர்டைம், கேட் பாஸ் ஆகியவை சம்பளத்தோடு வீட்டுக்கு வந்தன.

இவை கடன்சொற்கள்தானே, இதுவா ஆங்கிலம் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான், நூறு பெயர்ச்சொல் தெரிந்தாலும் ஒரு லீவ் லெட்டர் எழுத வராது. அந்தக் குறையை நம்பித்தான் ‘30 நாளில் ஆங்கிலம்’ வகைப் புத்தகங்கள் பேருந்து நிலையக் கடைகளில் விற்றன: தமிழ் வாக்கியம், அதற்கு ஆங்கிலம், கீழே தமிழெழுத்தில் உச்சரிப்பு. (30 நாள் என்பது வியாபாரம்.) ஆனால் வாங்கியவர் வெறுங்கையோடு அவற்றைத் திறக்கவில்லை. தெலுங்கையும் கன்னடத்தையும் சந்தையில் கேட்டே பழகிய எல்லைப்புறத்தாருக்கு, முதலில் காது, பிறகு வாய், கடைசியில் எழுத்து என்ற வரிசை பழகிப்போன ஒன்று. இலக்கணத்தில் தொடங்கும் வகுப்பறை அதைக் கவிழ்த்துவிடுகிறது. பத்தாண்டு ஆங்கிலம் படித்தவரும் சூப்பர்வைசர் முன் திணறுவதற்கு அதுவும் ஒரு காரணம்.