1964: இரண்டு தந்தையர்

1964ஆம் ஆண்டு இரண்டு புத்தகங்கள் வெளிவந்தன. ஒன்று அமெரிக்கக் கடற்படையின் உளவியலாளர் பெர்னார்ட் ரிம்லண்ட் ஆட்டிஸம் பற்றி எழுதிய ஆராய்ச்சி நூல். மற்றது ஜப்பானியரான கென்சபுரோ ஓயே எழுதிய நாவல். ஆங்கிலத்தில் 'எ பர்ஸனல் மேட்டர்'. ரிம்லண்டின் மகன் 1956இல் பிறந்தவன், ஆட்டிஸம் உள்ளவன். ஓயேயின் மகன் ஹிகாரி 1963இல் மண்டையோட்டுக் குறையுடன் பிறந்தான். இரண்டும் தந்தையர் எழுதிய புத்தகங்கள். ஆனால் தந்தை என்கிற மனிதன் இவற்றில் ஒன்றில்தான் இருக்கிறான்.

லியோ கன்னர் 1943இல் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையில், பெற்றோரிடம் கதகதப்புக் குறைவு என்றொரு கவனிப்பு இருந்தது. பின்வந்த ஆண்டுகளில் அது குற்றச்சாட்டாக இறுகியது. கூண்டில் பெரும்பாலும் நின்றவள் தாய். ரிம்லண்ட் இதை உடைத்தார்: காரணம் வளர்ப்பில் இல்லை, உடலியலில் என்றார். கன்னரே முன்னுரை எழுதினார். நூலின் பின்னிணைப்பாக இருந்த வினாப்பட்டியலைப் பெற்றோர்கள் பூர்த்தி செய்து அவருக்கு அனுப்பினார்கள். 1965இல் பெற்றோர்களின் சங்கம் ஒன்று அவர் முயற்சியில் உருவாயிற்று. எல்லாம் சரி. ஆனால் அந்த வினாக்கள் குழந்தையைப் பற்றியவை. இரவில் விழித்துக் கிடக்கும் தகப்பனைப் பற்றி அதில் கேள்வி இல்லை. விடை தேடும் ஆவேசம் ரிம்லண்டைக் கடைசிவரை விடவில்லை. பிற்காலத்தில் தடுப்பூசிகளைச் சந்தேகிக்கும் தவறான இடத்திலும் அவரைக் கொண்டு நிறுத்தியது.

கேட்கப்படாத அந்தக் கேள்விக்கான பதில் ஓயேயின் நாவலில் இருக்கிறது. கதாநாயகன் 'பறவை' என்ற பட்டப்பெயர் கொண்ட 27 வயது ஆசிரியன். ஆப்பிரிக்க வரைபடங்கள் வாங்கி வைத்துக்கொண்டு ஓடிப்போகக் கனவு காண்கிறவன். குழந்தை பிறந்ததும் குடிக்கிறான், வகுப்பில் வாந்தியெடுக்கிறான், வேலையை இழக்கிறான், பழைய தோழியிடம் ஒளிந்துகொள்கிறான். பாலுக்குப் பதில் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தால் குழந்தை தானாகவே இறந்துவிடும் என்று காத்திருக்கிறான். வெட்கம், களைப்பு, குழந்தை சாக வேண்டுமென்ற விருப்பம். எந்த மருத்துவமனைப் பதிவேட்டிலும் ஏறாத இவைதான் அந்தத் தந்தையின் சரித்திரம்.

இறுதியில் பறவை அறுவை சிகிச்சைக்குச் சம்மதிக்கிறான். இந்த முடிவை மிஷிமா குறை கூறினார். கலைரீதியான சமரசம் என்பதுதான் குற்றச்சாட்டின் சாரம். நானும் முதலில் அவ்வாறே வாசித்தேன்; நம் வட்டத்தில் நம்பிக்கையுடன் முடிகிற எதையும் சந்தேகிப்பது ஒரு பழக்கம். ஆனால் அதே 1964இல் ஓயே 'அக்வீ' என்ற கதையும் எழுதினார். அதில் தந்தை குழந்தையைச் சாகவிட்டுவிடுகிறான். பின் அதன் ஆவியோடு வாழ்கிறான். இரண்டு வழிகளையும் நடந்து பார்த்த பிறகே ஓயே ஒன்றைத் தேர்ந்தார்.

இதை உருவப் பிரச்சினையாக மட்டும் பார்க்க எனக்கு இப்போது முடியவில்லை. குழந்தை பிறந்த அதே கோடையில் ஓயே ஹிரோஷிமா சென்று, கதிர்வீச்சு நோயாளிகளை விட்டு விலகாத மருத்துவர்களைக் கண்டார். 1965இல் அது 'ஹிரோஷிமா குறிப்புகள்' ஆயிற்று. ஹிகாரி பேச்சுக்கு முன் பறவைக் குரல்களை அறிந்தான், பின்னால் இசையமைத்தான். 1994இல் நோபல் உரையிலும் தந்தை அவனைப் பற்றிப் பேசினார். 2023இல் ஓயே இறக்கும்வரை ஏறக்குறைய 60 ஆண்டுகள்.

நாவலின் கடைசிப் பக்கத்தை நாம் முடிவு என்கிறோம். அந்தத் தகப்பனுக்கு அது முதல் நாள்.