குணக்கேடு எனப்பட்ட நோய்

பாரிஸ் மாநகரின் பிசேத்ர் மருத்துவமனையில் பணியாற்றிய பிலிப் பினெல் என்னும் மருத்துவர், 1801ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் விந்தையான மனிதன் ஒருவனைப் பற்றி எழுதினார். செல்வக் குடியில் பிறந்து, தாயின் அளவிறந்த செல்லத்தில் வளர்ந்தவன் அவன். தன் நிலபுலன்களை அறிவுடன் ஆண்டான். பிறர்க்கு உதவவும் செய்தான். ஆயினும் சினம் எழுந்தால் தன்னை இழந்துவிடுவான். தன்னை ஏசிய பெண்ணொருத்தியைக் கிணற்றில் தள்ளியதால், வாழ்நாள் முழுவதும் பிசேத்ரில் அடைபட்டுக் கிடக்க நேர்ந்தது.

அறிவு மயங்கினால்தான் பித்து என்று கருதிய காலம் அது. இவனுக்கோ அறிவு தெளிவாயிருந்தது. பினெல் இதனைப் 'பிதற்றலில்லாப் பித்து' என்றார். இன்று ஆளுமைக் கோளாறு என வழங்கும் கருத்தின் வரலாற்றை இங்கிருந்தே தொடங்குவது மரபு.

1835இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகர மருத்துவர் ஜேம்ஸ் பிரிச்சர்ட் 'மாரல் இன்சானிட்டி' என்னும் பெயரைப் பரப்பினார். 'மாரல்' என்ற சொல் அந்நாளில் ஒழுக்கத்தை மட்டுமன்றி உணர்ச்சியையும் குறித்தது. உணர்ச்சி, விருப்பு, மனப்போக்கு ஆகியவற்றின் பிறழ்ச்சியையே பிரிச்சர்ட் பெரிதும் கருதினார். பின்வந்தோர் பலரோ ஒழுக்கக்கேடு என்றே பொருள் கொண்டனர். ஒரு சொல்லின் இரு பொருள்களுள் ஒன்று மங்கியதால் நோயாளர்க்கு விளைந்த கேடு சிறிதன்று. மொழி கற்பிப்போர் எண்ணிப் பார்க்கத்தக்க செய்தி இது. 1891இல் ஜெர்மானியரான யூலியஸ் கோஹ் 'மனநோய்சார் தாழ்வு' என்றார். பழிச்சொல் மருத்துவ உடை அணிந்துகொண்டது!

1923இல் கூர்ட் ஷ்னைடர் பத்து வகையினரை விவரித்தார். தம் இயல்பால் தாமே துன்புறுவோர், அல்லது சமூகத்தைத் துன்புறுத்துவோர் என்பது அவர் வகுத்த இலக்கணம். துன்புறுவோர் என்ற சொல்லே இதில் போற்றத்தக்கது. அமெரிக்க மனநோய் மருத்துவக் கழகம் 1980இல் 11 வகைகளை மூன்று தொகுதிகளாக்கியது. 1994இல் அவை 10 ஆயின. 2022இல் நடைமுறைக்கு வந்த உலகச் சுகாதார நிறுவனத்தின் பட்டியலோ, வகைகளைப் பெரும்பாலும் கைவிட்டுக் கடுமையின் அளவையே முதன்மையாக்கியது.

இவற்றுள் 'எல்லைக்கோட்டு' ஆளுமைக் கோளாறு தீராதது என்றே நெடுங்காலம் ஒதுக்கப்பட்டது. கைவிடப்படுவோமோ என்ற அச்சம், கட்டுக்கடங்காச் சினம், தன்னைத்தானே காயப்படுத்தல் ஆகியவை அதன் அறிகுறிகள். 1961இல் அமெரிக்காவின் ஹார்ட்போர்டு நகர மனநோய் மருத்துவமனையில் 17 வயதுப் பெண்ணொருத்தி சேர்க்கப்பட்டாள். தன்னைக் காயப்படுத்திக்கொண்டதால் தனியறையில் அடைக்கப்பட்டு, ஈராண்டுக்கு மேல் அங்கிருந்தாள். அவரே பின்னாளில் உளவியல் அறிஞரான மார்ஷா லினெஹன்.

பிறவியிலேயே மிகுந்த உணர்ச்சி வேகமும், அவ்வுணர்ச்சியை மதியாத சூழலும் சேர்ந்தே இந்நோயை விளைவிக்கின்றன என்பது அவர் கொள்கை. "இதற்கெல்லாமா அழுவது?" என்று பிள்ளையை அடக்கும் பேச்சு நம் வீடுகளிலும் வகுப்பறைகளிலும் புதிதன்று. நோயாளரை உள்ளவாறே ஏற்றல், மாறுவதற்கான திறன்களைப் பழக்குதல் ஆகிய இரண்டையும் இணைத்து அவர் வகுத்த மருத்துவமுறையின் ஆய்வு முடிவு 1991இலும், விளக்க நூல் 1993இலும் வெளிவந்தன. 2011இல், தாம் அடைபட்டிருந்த அதே மருத்துவமனையில் நின்று தம் கதையை உலகறியச் சொன்னார்.

பாஸ்டனை அடுத்த மெக்லீன் மருத்துவமனையில் இந்நோய்க்காகச் சேர்க்கப்பட்ட 290 பேரைப் பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2010இல் வெளியாயிற்று. நூற்றுக்கு 93 பேர் ஈராண்டேனும் நோய்க்குறிகள் நீங்கி வாழ்ந்தனர். தொழிலிலும் உறவிலும் நன்கு நிலைபெற்றோர் பாதியளவினரே.