1939 செப்டெம்பர்: லண்டன் வீட்டு நாய்களின் கதை

சென்ற ஆண்டு எங்கள் வீட்டு நாய் மணியை மிருக வைத்தியரிடம் கொண்டுபோய் ஊசி போட்டு உறங்கவைத்தோம். அதற்குப் பதினான்கு வயது. வயிற்றில் கட்டி. மூன்று நாட்களாகத் தண்ணீர்கூட இறங்கவில்லை.

நோவில்லாமல் போய்விடும் என்றுதான் சொன்னார்கள். ஆனால் முதுமையில் சுருங்கிப்போன நாளம் ஊசிக்கு அகப்படவில்லை. முன்னங்கால்களில் மாறி மாறிக் குத்தினார்கள். அது என் மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. இதயம் நின்றுவிட்டது என்று வைத்தியர் சொன்ன பின்னரும் இரண்டு தடவை மூச்சிழுத்தது. உயிர் பிரிந்த பின் தசைகள் அவ்வாறு இழுப்பதுண்டு. அதை எவரும் எங்களுக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. "உயிரோடதானே அப்பா இருக்குது!" என்று மகள் அலறினாள்.

அன்றிரவு அவள் என்னிடம் கேட்டாள்: "அதுக்கு நோகுது எண்டு செய்தனாங்களா? இல்லாட்டி எங்களுக்குப் பார்க்க ஏலாமல் செய்தனாங்களா?"

பதில் சொல்ல இயலவில்லை. ஆனால் இதே கேள்வியை ஒரு மாநகரமே எதிர்கொண்ட வரலாறு நினைவுக்கு வந்தது.

1939 செப்டெம்பர் 3ஆம் திகதி பிரித்தானியா ஜேர்மனி மீது போர்ப் பிரகடனம் செய்தது. அந்த முதல் வாரத்தில் லண்டன் மக்கள் தங்கள் நாய்களையும் பூனைகளையும் தூக்கிக்கொண்டு மிருக வைத்தியசாலைகளின் வாசல்களில் நீண்ட வரிசைகளில் நின்றார்கள். சிகிச்சைக்காக அல்ல, கொல்வதற்காக. அவ்வாரத்தில் லண்டனில் மட்டும் ஏறத்தாழ 4 இலட்சம் நாய்களும் பூனைகளும் கொல்லப்பட்டதாக வரலாற்றாய்வாளர் ஹில்டா கீன் 2017இல் வெளியான தமது நூலில் எழுதுகிறார். நகரில் இருந்தவற்றில் இது நான்கில் ஒன்றுக்கும் அதிகம். உடல்களை எரிக்கும் உலைகள் ஈடுகொடுக்க முடியாமல் திணறின. இருட்டடிப்பு விதிகளால் இரவில் நெருப்பு மூட்டவும் முடியவில்லை. நகருக்குக் கிழக்கே இல்ஃபோர்ட்டில் நோயுற்ற பிராணிகளுக்கான தரும வைத்தியசாலை நடத்திய அமைப்பின் நிலத்தில் பெருந்தொகையானவை புதைக்கப்பட்டன.

இதற்கு அரச ஆணை எதுவும் இருக்கவில்லை என்பதே இங்கு கவனிக்க வேண்டியது. வான் தாக்குதலிலிருந்து விலங்குகளைக் காப்பதற்கென அரச ஆதரவுடன் ஒரு தேசியக் குழு அவ்வாண்டு அமைக்கப்பட்டிருந்தது. அது வெளியிட்ட துண்டுப்பிரசுரம் பிராணிகளை நாட்டுப்புறத்துக்கு அனுப்புமாறு கூறியது. எவரிடமும் ஒப்படைக்க இயலாவிட்டால் கொன்றுவிடுவதே கருணை என்றும் கூறியது. கொல்வதற்கான கைத்துப்பாக்கியின் விளம்பரமும் அதிலேயே இருந்தது.

அந்த வாரம் லண்டனில் ஒரு குண்டுகூட விழவில்லை. உணவுப் பங்கீடு தொடங்கியது 1940 ஜனவரி 8இல். தொடர் குண்டுவீச்சு ஆரம்பித்தது 1940 செப்டெம்பர் 7இல். அதாவது, கொல்லப்பட்ட பிராணிகள் பசித்திருக்கவுமில்லை, காயப்படவுமில்லை. வரப்போகும் துன்பத்தைக் கற்பனை செய்து நடுங்கியவர்கள் அவற்றின் எசமானர்களே. தங்கள் அச்சத்துக்கு அவர்கள் கருணை என்று பெயரிட்டார்கள்.

குண்டுவீச்சு தொடங்கிய பின் பொப்ளர் பகுதியில் எசமானற்ற ஒரு தெருநாயை வான்தாக்குதல் காவலர் ஒருவர் கண்டெடுத்தார். ரிப் என்று பெயரிடப்பட்ட அந்த நாய், எவ்விதப் பயிற்சியும் இன்றி, இடிபாடுகளுக்குள் சிக்கிய நூற்றுக்கு மேற்பட்டோரை மோப்பம் பிடித்துக் காட்டியது. 1945இல் அதற்கு டிக்கின் பதக்கம் கிடைத்தது. 1946இல் அது இறந்தபோது புதைக்கப்பட்டதும் இல்ஃபோர்ட்டிலேயே.

லண்டன் மக்களைப் பழிக்க எனக்கு வாய் வராது. 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு, வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்கு நடந்தபோது நானும் அம்மாவும் அந்தச் சனத்துக்குள் நின்றோம். எங்கள் ஜிம்மியைக் கட்டவிழ்த்து, ஒரு சட்டி நிறையச் சோறு வைத்துவிட்டு வந்தோம். செம்மணி வரை அது பின்னாலேயே வந்தது. நெரிசலில் எங்கே தவறியதென்று தெரியாது. பின்னர் பல ஆண்டுகள் அம்மா அதைப்பற்றிப் பேசவேயில்லை. ஒருநாள் மட்டும், "கையோட கொன்றிருந்தாலும் பாவம், விட்டிட்டு வந்ததும் பாவம்" என்றார்.

மகளின் கேள்விக்கு ஒரு பதில் என்னிடம் உண்டு. 1939இல் வரிசையில் நின்ற நாய்களுக்கு நோயில்லை, மணிக்கு நோய் இருந்தது. அந்த வேறுபாடு சிறியதல்ல. ஆயினும், அந்த வெள்ளிக்கிழமையைத் தெரிவு செய்தவன் நான். மறுநாட் காலையில் நாங்கள் குடும்பமாகக் கண்டிக்கு ஒரு கலியாணத்துக்குப் புறப்பட இருந்தோம். இதை மகளிடம் நான் இன்னும் சொல்லவில்லை.