பெயரில் தங்கிய வரலாறு, செல்லில் தங்கிய நினைவு

1992-இல் கியோட்டோ பல்கலைக்கழகத்தில் தசுகு ஹோன்ஜோவின் ஆய்வுக்குழு, செல்கள் தாமே மடிவதற்குக் காரணமான மரபணுக்களைத் தேடிக்கொண்டிருந்தது. அப்போது கிடைத்த ஒன்றுக்குத் ‘திட்டமிட்ட மரணம்’ என்று பொருள்படும்படி பிடி-1 எனப் பெயரிட்டனர். அதன் உண்மையான பணி 1999-இல்தான் தெளிவாகத் தொடங்கியது. அம்மரபணு நீக்கப்பட்ட எலிகளில் நோயெதிர்ப்பு மண்டலம் சொந்த உடலையே தாக்கியது. பிடி-1, புற்றுச்செல்களை அழிக்கவல்ல டி செல்களின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் பிரேக் என்பது பின்னர் உறுதியாயிற்று. பழைய பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

1996-இல் ஜேம்ஸ் அலிசன் குழுவினர் சிடிஎல்ஏ-4 என்னும் மற்றொரு பிரேக்கை எதிர்ப்பொருளால் மறித்தபோது எலிகளின் புற்றுக்கட்டிகள் மறைந்தன. இத்தகைய கட்டுப்பாடுகளுக்கு நோயெதிர்ப்புச் சோதனைச்சாவடிகள் என்று பெயர். அவற்றைத் திறக்கும் மருந்துகளில் இபிலிமுமாப் 2011-இலும், பெம்ப்ரோலிசுமாப், நிவோலுமாப் ஆகியவை 2014-இலும் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றன. 2018-இல் அலிசனும் ஹோன்ஜோவும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். ஆயினும் நோயாளிகள் பலருக்கு இச்சிகிச்சை பலனளிக்கவில்லை. பலன் பெற்றோர் சிலருக்கும் நோய் திரும்பியது.

இதற்கான விளக்கத்தின் ஒரு பகுதி, வேறொரு துறையின் வரலாற்றிலிருந்து வந்தது. டிஎன்ஏவே மரபுப்பொருள் என்பது நிறுவப்படாத 1942-இல், பிரிட்டிஷ் உயிரியலாளர் கான்ராட் வாடிங்டன் ‘எபிஜெனெடிக்ஸ்’ என்ற சொல்லை உருவாக்கினார். ஒரே கருமுட்டையிலிருந்து தோன்றிய செல்களுள் ஒன்று நரம்பாகவும் மற்றொன்று தசையாகவும் ஆவது எவ்வாறு என்பதே அவரது வினா. 1964-இல் பிராகா நகரில் அசாசைட்டிடின் என்ற புற்றுமருந்து உருவாக்கப்பட்டது. அது டிஎன்ஏவின்மீது மெத்தில் குறிகள் பதிவதைத் தடுத்து, எலிச்செல்களைத் தசைச்செல்களாக மாறச் செய்வதை 1980-இல் பீட்டர் ஜோன்ஸும் ஷெர்லி டெய்லரும் காட்டினர். மரபணுவின் எழுத்து மாறவில்லை. எவ்வெழுத்து வாசிக்கப்படும் என்பதே மாறியது.

இவ்விரு வரலாறுகளும் 2010-களில் நெருங்கிவந்தன. நீடித்த தொற்றால் சோர்வடைந்த டி செல்களில் பிடி-1 மரபணுவின் மெத்தில் குறிகள் நீங்கி, அம்மரபணு எளிதில் இயங்கும் நிலையிலேயே இருப்பது 2011-இல் தெரியவந்தது. இவ்வகை எலிச்செல்களில் பிடி-1-ஐ மறித்துப் பார்த்த 2016-ஆம் ஆண்டு ஆய்வு மேலும் தெளிவு தந்தது. செல்கள் சிறிதுகாலம் ஊக்கம் பெற்றன. ஆனால் அவற்றின் எபிஜெனெடிக் அமைப்பு பெரும்பாலும் மாறாததால் மீண்டும் சோர்ந்தன.

குறிகளையும் மருந்தால் மாற்றலாமே என்ற எண்ணம் இயல்பாக எழுந்தது. அசாசைட்டிடின் வகை மருந்துகள், மனித மரபணுத்தொகுதியில் உறங்கும் பண்டைய வைரஸ் எச்சங்களை எழுப்பி, புற்றுச்செல்லுக்குள் வைரஸ் தொற்று போன்ற எச்சரிக்கையை உண்டாக்குவதாக 2015-இல் வெளியான இரு ஆய்வுகள் காட்டியிருந்தன. ஆயினும் முற்றிய நுரையீரல் புற்றுநோயாளிகளுக்குப் பெம்ப்ரோலிசுமாபுடன் வாய்வழி அசாசைட்டிடினைச் சேர்த்து அளித்த ஒரு சோதனை, 2019-இல் வெளியானபோது கூடுதல் பலனைக் காட்டவில்லை. இம்மருந்து டி செல், புற்றுச்செல் என்று பிரித்தறிவதில்லை. வேண்டிய குறி, வேண்டாத குறி என்றும் பார்ப்பதில்லை.

சோதனைச்சாவடி என்ற உருவகம், தடுப்பு உயர்ந்ததும் வண்டி தானே ஓடும் என்று எண்ண வைக்கிறது. நெடுங்காலம் நின்ற வண்டியின் எஞ்சினையும் பார்க்கவேண்டியிருக்கிறது. அந்தப் பழுதை மட்டும் தேர்ந்து நீக்கும் வழியை ஆய்வாளர்கள் இன்றும் தேடிவருகின்றனர்.