விடுமுறையில் பெற்றோர் படிக்க மூன்று பழைய புத்தகங்கள்



முழு ஆண்டுத் தேர்வு முடிந்தது. சர்ச் வாசல்களில் வி.பி.எஸ். பேனர்கள் வந்துவிட்டன. என்னிடம் படித்த கிறிஸ்தவப் பிள்ளைகள் பலர் இன்று தாய் தகப்பன்மார். "சார், லீவில் பிள்ளைக்கு என்ன புத்தகம் வாங்கிக் கொடுக்கலாம்?" என்று வருடா வருடம் கேட்பார்கள். "நீ என்ன படிக்கப் போகிறாய்?" என்று நான் திருப்பிக் கேட்பேன். சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். இந்தத் தடவை சிரிக்க விடாமல் கொஞ்சம் வரலாறு சொல்கிறேன்.

வி.பி.எஸ். போன்ற விடுமுறை வேதாகமப் பள்ளி ஒன்று 1898இல் நியூயார்க்கில் நடந்தது. எலிசா ஹாஸ் என்ற அம்மையார், விடுமுறையில் தெருவில் அலைந்த ஏழைப் பிள்ளைகளுக்காக ஒரு மதுக்கூடத்தை வாடகைக்கு எடுத்து அதை நடத்தினார். நல்ல காரியம். ஆனால் அது பத்து நாளில் முடிந்துவிடும். மீதி நாட்கள் வீட்டில்தானே? அந்த நாட்களுக்காகத்தான் 1600 ஆண்டுகளாகப் புத்தகங்கள் எழுதியிருக்கிறார்கள். பிள்ளைகளுக்காக அல்ல, பெற்றோருக்காக. அவற்றில் மூன்றைச் சொல்கிறேன்.

முதலாவது, யோவான் கிறிசோஸ்தோம் எழுதியது. 4ஆம் நூற்றாண்டில் அந்தியோகியாவில் பிறந்தவர். இளம் வயதிலேயே விதவையான தாய் அந்தூசா வளர்த்த பிள்ளை. 398இல் கான்ஸ்டாண்டிநோப்பிளின் பேராயரானார். வீண்பெருமையைப் பற்றியும் பிள்ளை வளர்ப்பைப் பற்றியும் அவர் எழுதிய ஒரு சிறு நூல் உண்டு. பிள்ளையின் உள்ளம் ஒரு நகரம், ஐம்புலன்களே அதன் வாசல்கள், பெற்றோர் அவற்றைக் காக்க வேண்டும் என்கிறார். பிறகு கதை சொல்லும் முறையை விளக்குகிறார். முதலில் காயீன், ஆபேல் கதையைச் சொல்லுங்கள். இன்னொரு நாள் அதே கதையைப் பிள்ளையைச் சொல்லச் சொல்லுங்கள். தாயும் கூட உட்கார்ந்து கேட்டுப் பாராட்டட்டும். கதை மனதில் நின்ற பிறகு நீதியைச் சொல்லுங்கள். பின்னாளில் ஆலயத்தில் அதே கதை வாசிக்கப்படும்போது, 'இது எனக்குத் தெரியும்' என்று பிள்ளை துள்ளும் என்கிறார். ஆசிரியர் பயிற்சியில் எங்களுக்குச் சொல்லித்தந்ததும் ஏறக்குறைய இதுதான்! ஓயாமல் அடிக்காதீர்கள், பழகிவிட்டால் அடியைப் பொருட்படுத்தமாட்டான் என்றும் எச்சரிக்கிறார். ஒன்று மட்டும் கவனியுங்கள்: அவர் பெரும்பாலும் ஆண்பிள்ளையை மனதில் வைத்தே எழுதினார். நாம் மகளையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

இரண்டாவது, மார்ட்டின் லுத்தரின் சிறிய ஞானோபதேசம். சாக்சனி நாட்டுச் சபைகளை 1528இல் நேரில் போய்ப் பார்த்தவர், கிராமத்து மக்களுக்கு அடிப்படைகூடத் தெரியாததைக் கண்டு திடுக்கிட்டார். 1529இல் இந்த நூல் வந்தது. முதலில் புத்தகமாக அல்ல, சுவரில் ஒட்டும் தாள்களாக! ஒவ்வொரு பகுதியின் தலைப்பும், குடும்பத் தலைவர் தம் வீட்டாருக்கு இதை எளிமையாக எப்படிக் கற்பிப்பது என்றே தொடங்குகிறது. குருவானவர் வீட்டுக்கு வரமாட்டார், நீதான் சொல்லித்தர வேண்டும் என்பது பொருள். ஒரு கொட்டையை எடுத்ததற்காகத் தாயிடம் ரத்தம் வர அடி வாங்கியதைக் கடைசிவரை நினைவில் வைத்திருந்தவர் லுத்தர். பெரிய பண்டிதரான பிறகும், தினமும் ஒரு சிறு பிள்ளையைப் போல அந்தப் பாடங்களைத் தாமே படிப்பதாகப் பெரிய ஞானோபதேசத்தின் முன்னுரையில் எழுதினார்.

இந்த நூலுக்கும் நம் மண்ணுக்கும் தொடர்பு உண்டு. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு, சிறு பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுதித் தமிழ் கற்றார். தமிழில் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தது 1715இல். லுத்தரின் ஞானோபதேசம் அதற்கு முன்பே தமிழாகிவிட்டது.

மூன்றாவது, கொமேனியஸ். பயிற்சிப் பள்ளியில் தேர்வுக்காக இந்தப் பெயரை மனப்பாடம் செய்த ஆசிரிய நண்பர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பீர்கள். 1592இல் மொராவியாவில் பிறந்தவர். சிறு வயதிலேயே பெற்றோரை இழந்தார். பிறகு கொள்ளைநோயில் மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் பறிகொடுத்தார். மத நெருக்கடியால் சொந்த நாட்டைவிட்டுப் போலந்துக்குப் போனார். பிள்ளைகளைப் புதைத்த அந்த மனிதர்தான், முதல் ஆறு வயதுக்குத் தாயின் மடியே பள்ளிக்கூடம் என்று ஒரு நூல் எழுதி 1633இல் வெளியிட்டார். ஃபிரோபெல் கிண்டர்கார்டன் தொடங்கியதற்கு 200 ஆண்டுகளுக்கு முன்பு! நெருப்பு, தண்ணீர், மழை, கல் இவற்றைக் காட்டினால் அது அறிவியல். நேற்று என்ன நடந்தது என்று கேட்டால் அது வரலாறு. 'ஸ்கூலுக்குப் போ, வாத்தியார் தோலை உரிப்பார்' என்ற ரீதியில் பயமுறுத்தாதீர்கள் என்றும் சொல்லியிருக்கிறார். அதைப் படித்ததும் அவருக்கு ஒரு கும்பிடு போட்டேன்.

காலமும் நாடும் வேறு வேறு. ஆனால் மூவரும் சொல்வது ஒன்றே: பிள்ளைக்குப் போய்ச் சேர வேண்டியது பெற்றோரின் வாய் வழியாகத்தான் போக வேண்டும். அதற்குப் பெற்றோர் முதலில் படிக்க வேண்டும், பொறுமை பழக வேண்டும், கேட்கவும் தெரிய வேண்டும். பக்தியை ஃபீஸ் கட்டி வெளியே வாங்க முடியாது.

முப்பது வருடத்துக்கு மேல் வகுப்பில் நின்றவன் என்ற முறையில் சொல்கிறேன். வீட்டில் கதை கேட்டு வளர்ந்த பிள்ளை யார் என்று ஜூன் முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும். அந்தப் பிள்ளை கேள்வி கேட்கும். தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்று பயப்படாது. அதற்குப் பணக்கார வீடாக இருக்க வேண்டியதில்லை. கூலி வேலைக்குப் போய் வந்த தகப்பன் ராத்திரியில் பக்கத்தில் படுத்துப் பேசியிருப்பார், அவ்வளவுதான்.

எனவே இந்த மே மாதத்துக்கு ஒரு வீட்டுப்பாடம். மூன்றுமே சிறிய நூல்கள், மூன்றுக்கும் ஆங்கில மொழிபெயர்ப்பு உண்டு. ஞானோபதேசம் தமிழிலேயே இருக்கிறது. ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். தினம் இரண்டு பக்கம், பிள்ளையின் கண்ணில் படும்படி உட்கார்ந்து படியுங்கள். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு போனைத் தள்ளி வைத்துவிட்டு ஒரு கதை சொல்லுங்கள். மறுநாள் அதைப் பிள்ளை சொல்லட்டும். குறுக்கே திருத்தாமல் முழுவதும் கேளுங்கள்.

எந்தக் கதையில் தொடங்கினீர்கள், பிள்ளை அதை எப்படித் திருப்பிச் சொன்னது என்று கமெண்டில் எழுதுங்கள். வாத்தியார் காத்திருக்கிறேன்.