கொடுகொள்ளியின் குடிகள்: எல்லிஸ் எழுதிய முதற்குடியேற்றமும் காசாக்குடிச் செப்பேடும்

காஞ்சிபுரத்தைச் சூழ்ந்த ஊர்களில் முதலில் ஏர் பூட்டியவர்கள் யார் என்ற கேள்விக்கு இன்றும் சொல்லப்படும் விடை, சென்னைக் கலெக்டர் எஃப். டபிள்யூ. எல்லிஸ் 1818-இல் அச்சிட்டுத் தந்த விடையே. மிராசு உரிமை (தமிழில் காணியாட்சி) பற்றி சென்னை அரசு கேட்ட 17 வினாக்களுக்கு அவர் 1816-இல் மறுமொழி எழுதினார். அதற்குத் துணையிருந்தவர் அவருடைய அலுவலகத்தைச் சேர்ந்த சங்கரையா. தொண்டை நாடு முன்பு குறும்பர் வாழ்ந்த காடு. குலோத்துங்க சோழனின் மகன் ஆதொண்டைச் சக்கரவர்த்தி குறும்பரை வென்று, காட்டைத் திருத்த வேளாளரைக் கொண்டுவந்து குடியேற்றினான். வந்தவர்களில் பலர் துன்பம் தாங்காமல் திரும்பிப் போகவே, எஞ்சியோரை நிலைநிறுத்த வழிவழியாக அனுபவிக்கும் காணியாட்சி உரிமையை அளித்தான். இதுவே எல்லிசின் மறுமொழி சொல்லும் வரலாற்றின் சுருக்கம். 24 கோட்டங்கள், 79 நாடுகள் என்ற மரபுக் கணக்கும் இதனோடு சேர்ந்து வருகிறது.

எல்லிஸ் இதைக் கற்பனையாகப் படைக்கவில்லை. படிக்காசுப் புலவரின் தொண்டைமண்டல சதகம் ஏற்கெனவே இம்மண்டலத்துக் குடிகளின் பெருமையைத் தொகுத்திருந்தது. ஊர்தோறும் வாய்மொழி வரலாறும் இருந்தது. எல்லிஸ் செய்தது வேறு. குடும்பங்கள் தம் முன்னோரைப் பற்றிச் சொல்லிக்கொண்டதை நிலவுரிமைச் சட்டத்தின் தோற்றமாக மாற்றினார். அவர் வரைந்த வரிசையில் முதலில் அரசன் வருகிறான், பிறகு குடி, அதன்பின் உரிமை. காணியாட்சி அரசனின் கொடை. குடி அந்தக் கொடையால் வந்தது. இந்த வரிசை தவறு என்பதே என் வாதம்.

காலக்கணக்கு முதலில். குலோத்துங்கன் என்ற பெயரில் ஆண்ட முதற்சோழன் 1070-இல்தான் பட்டம் பெறுகிறான். அவன் மகன் காலத்தில் காடு திருத்தப்பட்டிருந்தால், உத்திரமேரூரில் பராந்தகனின் 12, 14-ஆம் ஆட்சியாண்டுகளில், அதாவது 919, 921-இல், ஏரி வாரியமும் தோட்ட வாரியமும் குடவோலையால் தேர்ந்தெடுக்கப்பட்டது எப்படி? வாரியப் பொறுப்புக்கு நிற்பவர் கால் வேலிக்கு மேல் இறைநிலம் உடையவராக இருக்க வேண்டும் என்று அந்தக் கல்வெட்டு விதிக்கிறது. அளந்து, வரி விதித்து, பங்கிட்டு முடித்த நிலத்தில்தான் அப்படி ஒரு விதி எழும். இன்னும் பின்னே போனால், தொண்டைமான் இளந்திரையனைப் பாடும் பெரும்பாணாற்றுப்படை, காஞ்சிக்குப் போகும் வழியில் உழவர் குடியிருப்பையும் அவர்கள் இடும் உணவையும் காட்டுகிறது. இவை அறிஞர் அறிந்தவை, விரிக்க வேண்டியதில்லை. எல்லிஸ் மீது குறை சொல்லவும் முடியாது. அவர் இறந்தது 1819-இல்; கல்வெட்டுகள் முறையாகப் படியெடுக்கப்பட்டது அந்த நூற்றாண்டின் இறுதியில்.

ஆனால் கால வழுவைக் காட்டுவதோடு நிறுத்திக்கொள்வோர், கதையின் உள்ளமைப்பை அப்படியே விட்டுவிடுகிறார்கள். ஆதொண்டையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பல்லவனையோ கரிகாலனையோ வைத்தால் போதும் என்று நினைக்கிறார்கள். அரசன் முதலில், குடி பிறகு என்ற வரிசை மாறுவதில்லை. அதை அசைக்கும் சான்று ஒன்று காசாக்குடிச் செப்பேட்டில் இருக்கிறது.

காரைக்காலுக்கு அருகில் காசாக்குடியில் 1879-இல் கிடைத்த 11 ஏடுகள் இவை. ஹுல்ட்சு இவற்றைத் தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதியில் பதிப்பித்தார். கிடைத்த இடம் காவிரிக் கடைமடை என்றாலும், பேசும் நிலம் நம்முடையது. நந்திவர்ம பல்லவனின் 22-ஆம் ஆட்சியாண்டில், ஊற்றுக்காட்டுக் கோட்டத்தைச் சேர்ந்த கொடுகொள்ளி என்ற ஊர், பூனி என்ற ஊரில் வாழ்ந்த ஜ்யேஷ்டபாத சோமயாஜிக்குப் பிரமதேயம் (பார்ப்பனர்க்கு அளிக்கும் கொடை) ஆகிறது. ஊர்ப்பெயரும் ஏகதீரமங்கலம் என்று மாறுகிறது. ஊற்றுக்காடு இன்றைய வாலாஜாபாத்தை அடுத்திருக்கிறது. நந்திவர்மனின் ஆட்சித் தொடக்கத்தை 731 என்று கொண்டால் கொடை 753-ஐ ஒட்டி வரும். அத்தொடக்கத்தை இன்னும் முன்னே தள்ளும் அறிஞரும் உண்டு. எப்படிக் கணக்கிட்டாலும் எட்டாம் நூற்றாண்டைத் தாண்டாது. குலோத்துங்கனுக்கு முந்நூறு ஆண்டுகள் முன்பு என்பது என் வாதத்துக்குப் போதும்.

அரசாணை ஊற்றுக்காட்டுக் கோட்டத்து நாட்டாரை விளித்துப் பேசுகிறது. முன்பு பெற்றிருந்தவர்களை மாற்றி, தேவதானமும் பிரமதேயமும் நீக்கி, குடி நீக்கி, இவ்வூரைக் கொடுத்தோம் என்பது அதன் சாரம். இரண்டு பட்டி என்ற நில அளவும் அங்கேயே வருகிறது. ‘குடி நீக்கி’ என்ற இரு சொற்களில்தான் கொடுகொள்ளி உழவர்களின் விதி அடங்கியிருக்கிறது.

இதற்கு இரண்டு பொருள் சொல்லலாம். ஊரில் இருந்த குடிகளை வெளியேற்றிவிட்டு என்பது ஒன்று. குடிகளின் இருப்பிடத்தைக் கொடையிலிருந்து விலக்கி என்பது மற்றொன்று. ஹுல்ட்சு இரண்டாவதைக் கொண்டார். பின்னர் எழுதியோர் பலர் முதற்பொருளை நோக்கிச் சாய்ந்ததற்குக் காரணம் உண்டு. சோழர் கல்வெட்டுகளில் ‘குடிநீக்கித் தேவதானம்’, ‘குடிநீங்காத் தேவதானம்’ என்ற இரு வகை எதிரெதிராக வருகின்றன. அங்கே பேசப்படுவது பழைய குடிகள் நிலத்தில் தொடர்வதா இல்லையா என்பதே. அந்த வழக்கைப் பல்லவர் ஏட்டின் மேல் ஏற்றினால், கொடுகொள்ளிக் குடிகள் துரத்தப்பட்டவர்களாகிவிடுவர்.

நான் ஹுல்ட்சின் பக்கம் நிற்கிறேன். காரணம் அந்தத் தொடருக்குள்ளேயே உள்ளது. குடிக்கு முன்னால் வருவது தேவதானமும் பிரமதேயமும். அவற்றோடும் நீக்கி என்ற வினையே வருகிறது. கோயில் நிலத்தையும் பார்ப்பனர் நிலத்தையும் அரசன் பறித்தான் என்று யாரும் பொருள் கொள்வதில்லை; அவற்றைத் தொடாமல் விட்டு மற்றதைக் கொடுத்தான் என்பதே பொருள். அடுத்தடுத்து அதே வினை வரும்போது முதலிடத்தில் காப்பதாகவும் அடுத்த இடத்தில் துரத்துவதாகவும் பிரித்துப் படிக்க ஏட்டில் எந்தத் தூண்டுதலும் இல்லை. மாற்றப்பட்டவர்களுக்கு ஏடு வேறு சொல்லை ஆள்கிறது. அவர்கள் முன்பு ‘பெற்றவர்கள்’. அதாவது இதே போன்ற கொடையால் ஊரின் வருவாயை அனுபவித்தவர்கள். பெற்றவர் மாறினர், புதிதாகச் சோமயாஜி பெற்றார், குடி இருந்தது.

இந்த வாசிப்பில் வலுவற்ற இடமும் உண்டு. இரண்டு பட்டி என்பது விலக்கப்பட்ட நிலத்தின் அளவா, கொடுக்கப்பட்டதன் அளவா என்பது தொடர் அமைப்பால் மட்டும் முடிவாகாது. பட்டியின் பரப்பும் தீர்ந்த செய்தியன்று. விலக்கப்பட்டது வெறும் மனைக்கட்டு என்று ஒருவர் வாதிட்டால், இத்தொடரை மட்டும் வைத்து மறுக்க முடியாது. ஆனால் மனை மட்டும் மிஞ்சியது என்றாலும் மனையில் ஆள் இருந்தார்கள் என்றுதானே பொருள்? வேள்வி செய்யும் சோமயாஜி சேற்றில் இறங்கியிருக்க மாட்டார். உழுதவர்கள் அந்தக் குடிகளே.

ஏட்டின் பிற்பகுதி இதை உறுதிப்படுத்துவதாகவே எனக்குத் தோன்றுகிறது. கொடைபெற்றவர் செய்யாறு, வெஃகா, திரையனேரி ஆகியவற்றிலிருந்து கால் வெட்டி நீர் கொண்டுவரலாம். வெஃகா இன்றைய வேகவதி. திரையனேரி இன்றைய தென்னேரி. அந்தக் கால்களில் கூடையால் இறைப்பவர், கிளைக்கால் வெட்டுபவர், சிறு ஏற்றம் இடுபவர் தண்டம் இறுக்க வேண்டும். கூடையால் நீர் இறைப்பவன் யார்? ஏரிப்பாசனம் எட்டாத மேட்டில் கைப்பிடி நிலம் வைத்திருப்பவன். அவனைத் தடுக்க அரசாணையில் ஒரு விதி வேண்டியிருந்தது என்றால், அவன் இரவும் பகலும் அந்தக் காலருகே இருந்தான். அண்டை ஊரான் என்று சொல்லித் தப்பலாம். ஓரளவு அதுவும் உண்மையாகலாம். ஆனால் ஊருக்குள் இருந்தோரை அந்தத் தண்டத்திலிருந்து விலக்கும் சொல் எதுவும் இல்லை.

விட்டுக்கொடுக்கப்பட்ட வரிகளின் பட்டியல் இன்னும் அருமையானது. செக்கு, தறி, கிணறு வெட்டுவோர் கூலி, குயவர் செலுத்தும் காணம், நெய், பருத்தி நூல், பனைவெல்லம், குவளை நடுவதற்கான வரி என்று அது நீள்கிறது. இப்பட்டியல் மற்ற பல்லவர் ஏடுகளிலும் வரும் வாய்பாடு. ஒவ்வொன்றும் கொடுகொள்ளியில் இருந்ததாகக் கொள்ளக்கூடாது. ஆனாலும் ஊற்றுக்காட்டுக் கோட்டத்து உழவர் வீடு எப்படி இருந்தது என்று கேட்டால் இதைவிட நெருங்கிய சான்று நமக்கில்லை. பட்டுக்குப் பெயர்பெற்ற காஞ்சியின் புறத்தே, எட்டாம் நூற்றாண்டிலேயே தறியும் ஏர்க்குடியும் ஒரே ஊரில் வரி கட்டுவதை இந்த வாய்பாடு இயல்பாகக் கொள்கிறது. காடு வெட்டிப் பிழைக்க வந்த முதல் தலைமுறையின் பொருளியல் அன்று இது.

எல்லையும் அப்படியே. அரசாணையைத் தலைமேல் வைத்து, எல்லை நடந்து, கல்லும் கள்ளியும் நாட்டினர் நாட்டார். கிழக்கிலும் தெற்கிலும் பாலையூர், மேற்கில் மணற்பாக்கமும் கொள்ளிப்பாக்கமும், வடக்கில் வெளிமாநல்லூர். நான்கு புறமும் ஊர் எல்லைகளே, காடு அல்ல.

இங்கே எதிர்த்திசையிலிருந்து வரும் ஒரு வாதத்தையும் சொல்ல வேண்டும். யூஜீன் இர்ஷிக் 1994-இல் வெளியிட்ட நூலில், நிலைத்து வாழும் பழங்குடி உழவன் என்ற தொண்டை மண்டலப் படிமமே 1795-க்குப் பின் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரிகளும் உள்ளூராரும் சேர்ந்து உருவாக்கியது என்கிறார். எல்லிஸ் கதையைப் பொறுத்தவரை இது பெருமளவு பொருந்துகிறது. 1780-இல் ஹைதர் அலியின் படை வந்தபோது காஞ்சியை அடுத்த பொள்ளிலூரில் கம்பெனித் தளபதி பெய்லியின் படை அழிந்தது, சுற்றுவட்டாரம் பாழானது, ஊர்விட்டுப் போனவர்கள் பலர். 1790-களில் லயனல் பிளேஸ் ஜாகீர் (பின்னாளில் செங்கற்பட்டு மாவட்டம்) கலெக்டராக இருந்தபோது மிராசுதாரர்களே ஊரைவிட்டு வெளியேறி எதிர்ப்புக் காட்டினர். துன்பம் தாங்காமல் திரும்பிப் போன முதற்குடிகளும், தங்கியோருக்குக் கிடைத்த சலுகையும் எல்லிஸ் கேட்ட கதையில் அவ்வளவு அழுத்தமாக இருப்பதற்கு இந்த அண்மை நினைவே காரணம் என்று நான் நம்புகிறேன். இதற்கு நேர்ச்சான்று இல்லை. ஆனால் கதை சொன்னவர்கள், வீடுவிட்டு ஓடித் திரும்பிய தலைமுறையினர். அந்தக் கதைக்குள் அவர்கள் பட்டது இல்லாமலா இருக்கும்? ஆனால் இர்ஷிக்கின் முடிவை முழுதும் ஏற்க முடியாது. கள்ளி நட்டு எல்லை வகுத்த ஊர்கள் எட்டாம் நூற்றாண்டில் இருந்தன. நிலைகுடி என்ற கருத்துக்கு வெள்ளையர் வருகை தேவைப்படவில்லை.

குடிகளின் சாதியை ஏடு சொல்வதில்லை. இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. எல்லிசின் கதை நூலில் உறங்கவில்லை. மிராசுதாரர் முதற்குடியேறிகளின் வழித்தோன்றல்கள், ஆகவே தரிசும் நத்தமும்கூட அவர்களுக்கே என்ற வாதம் செங்கற்பட்டு மாவட்டத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுதும் எடுபட்டது. 1891-இல் அம்மாவட்டக் கலெக்டர் பொறுப்பிலிருந்த டிரெமென்ஹீர் எழுதிய அறிக்கை, பறையர் குடும்பங்கள் தரிசு கேட்டாலும் மிராசுதாரர் தடுத்ததையும், அவர்கள் குடியிருந்த மனைகூட அவர்களுக்கு உரியதாக இல்லாததையும் விரித்துரைத்தது. அடுத்த ஆண்டு பிறந்த அரசாணையே, தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலத்துக்கு அடிப்படை. அந்நிலம் கைமாறிப்போனதை எதிர்த்து 1994 அக்டோபரில் செங்கற்பட்டு வட்டாரத்துக் காரணையில் நடந்த போராட்டத்தில் போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் இருவர் உயிரிழந்தனர். முதலில் வந்தது யார் என்ற கேள்வி இம்மண்டலத்தில் உயிரைக் கேட்கும் கேள்வியாக இருந்திருக்கிறது. கொடுகொள்ளியில் உழுதவர்களை வேளாளர் என்றோ பள்ளி என்றோ பறையர் என்றோ பெயரிட்டு, அதன்மேல் இன்றைய உரிமையைக் கட்ட இச்செப்பேடு யாருக்கும் இடம் தரவில்லை.

1767 முதல் 1774 வரை கம்பெனியின் பொறியாளர் பர்னார்டு எடுத்த அளவையே இப்பகுதி ஊர்களில் வீடுகளைச் சாதிவாரியாக எண்ணிய பெருங்கணக்கு. ஏறத்தாழ 2,000 ஊர்களைத் தழுவிய அதன் ஓலைகள் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் உள்ளன. செப்பேடு சொல்லும் எல்லை ஊர்ப்பெயர்களை அவ்வோலைகளோடு ஒப்பிடும் வேலை விரிவாக நடக்க வேண்டும். அதற்கு வயற்பெயர், மடைப்பெயர், கால்வாய்ப்பெயர் தெரிந்தவர்களின் துணை தேவை. தென்னேரி, ஊற்றுக்காடு, வாலாஜாபாத் சுற்றுவட்டாரத்தில் நிலங்கள் மனைப்பிரிவுகளாகி வருகின்றன. அங்குள்ள ஆசிரியர்களும் மாணவர்களும், ஏரிக்கரையில் நீர் பாய்ச்சிய பெரியவர்களிடம் அந்தப் பெயர்களைக் கேட்டு இப்போதே எழுதி வைக்க வேண்டும்.